மிதவை கொழுவாத ஆணி

சோறு ஆறிப்போச்சுது. ஆறட்டும், சோறுதானே, திரும்பச் சூடாக்கினால் போச்சு எண்டு எமில்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டியின்ர மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், யன்னல் பக்கம் போனாள், பேந்தும் வந்து திறந்தாள். சோத்துச் சட்டிக்குள்ள மனிசன் ஒளிச்சா இருக்கப்போகுது? யன்னலுக்கு வெளியில காலமை பளபளவெண்டு கிடந்த கடல் இப்ப இல்லை. கடல் இருந்த இடத்தில பனிப்புகார் நிண்டது, பால் வெள்ளையும் இல்லை, ஊத்தை வெள்ளை, கழுவாத சேட்டுக் கொலர் மாதிரி. காலமை தேத்தண்ணி குடிச்சு, நீட்டுச் சப்பாத்தைப் போட்டு, வாசலில நிண்டு வானத்தை ஒருக்கால் அண்ணாந்து பார்த்து, சிலுவை போட்டு, ஒரு சொல் பறையாமல் இறங்கிப் போனவர் அவளின்ர மனிசன் அலோசியஸ். சால்மன் வலையில இந்த வருசத்தின்ர முதல் இழுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேணும். வரேல்லை. மத்தியானம் எப்பவோ போயிட்டுது. அவ்வளவுதான் நடந்தது, வேற ஒண்டும் நடக்கேல்லை, ஒண்டுமே நடக்கேல்லை எண்டு அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிக்கேக்க குரல் தன்ர குரல் மாதிரி இல்லாமல் செத்தவீட்டில ஆறுதல் சொல்லுற ஆக்களின்ர குரல் மாதிரி இருந்தது. சீ, என்ன வாய் இது எண்டு நாக்கைக் கடிச்சாள். செத்தவீடு எண்ட சொல்லை நினைக்கவே கூடாது. நினைச்சாச்சு. ஒருக்கால் நினைச்சதை என்னெண்டு நினைக்காமல் விடுறது, அந்தோனியாரே?

நோர்வேயின்ர வட அந்தலை இது, இதுக்கங்கால ஐஸும் கரடியும்தான் எண்டு அலோசியஸ் பகிடியாய்ச் சொல்லுவார். மீன் கொம்பனி வேலைக்கெண்டு வந்திறங்கின தமிழாக்களில முக்கால்வாசிப் பேர் ஒரு மாரியோட கும்பிடு போட்டு ஒஸ்லோவுக்கு ஓடிட்டினம். இவை ரெண்டு பேரும் நிண்டிட்டினம், ஏனெண்டால் அலோசியஸுக்குக் கடல் வேணும், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரை ஆளைக் கொண்டுபோய் ஹோட்டல் குசினிக்குள்ள கோப்பை கழுவ விட்டால் அது மூச்சு முட்டிப்போகும். கொம்பனியில மீன் வெட்டிச் சலிச்சு நிண்ட மனிசனைக் கண்டு பிடிச்சவர் அடுத்த வீட்டு ஊட்வார் கிழவர். எனக்கு நெஞ்சு வருத்தம், வலை தூக்க ஏலாது, அப்பு ஆச்சி காலத்து வலைப்பாடு ரெண்டு சும்மா கிடக்குது, நீ செய், மீனைப் பங்கிடுவம் எண்டு கிழவர் சொல்ல, இவர் அண்டைக்கு முழுக்கச் சிரிச்ச வாய் மூடேல்லை. ஒரு பாடு உள்ள, ஆத்து வாய்க்குக் கிட்ட, அது உள்வலை. மற்றது வெளியில, மலை கடலுக்கை மூக்கு நீட்டிக்கொண்டு நிக்கிற இடத்தில, அது வெளிவலை. கரையில இருந்து நேர கடலுக்குள்ள மதில் மாதிரி ஒரு வலை, மதிலின்ர அந்தலையில வலையாலயே ஒரு அறை. கரையோட வாற மீன் மதிலில முட்டும், சுத்திப் போவமெண்டு மதிலோடயே வெளிய போகும், போய் அறைக்குள்ள மாட்டும். இது எங்கட களங்கண்டியெல்லோ, நாங்கள் பரவைக்கடலில தடி நட்டுக் கட்டுறதை இவை கல்லும் மிதவையும் போட்டுக் கட்டியிருக்கினம் எண்டு அலோசியஸ் சொன்னார். எமில்டாவுக்கும் அது கேட்கச் சந்தோசமாய்த்தான் இருந்தது. ஊரில சால்மன் எண்டால் கடையில தகர ரின்னில அடைச்சு வாற சாமான், அதுக்குத் தலையும் வாலும் இருக்கெண்டே அவளுக்கு இஞ்ச வந்துதான் தெரியும். ஆனால் களங்கண்டி இடுப்பளவு தண்ணியில நிக்கிறது. விழுந்தால் எழும்பி நிண்டு சிரிக்கலாம். இஞ்ச விழுந்தால் நிக்க நிலமும் இல்லை, சிரிக்க நேரமும் இல்லை.

விழுந்தால். ஏன் விழுவார், ஏன் விழ வேணும்? விழமாட்டார், குழந்தையில இருந்து வள்ளத்தில நிண்ட கால், விழாது. ஆனால் அந்தக் கால் வெறுங்கால், வள்ளத்தின்ர விளிம்பை விரலால கவ்விப் பிடிக்கிற கால், இப்ப அது றப்பர் சப்பாத்துக்குள்ளயெல்லோ கிடக்குது. பருவம் துடங்குற கிழமைதான் பொல்லாத கிழமை எண்டு ஊட்வார் கிழவர் போன ஞாயிறு வந்து கோப்பி குடிச்சுக்கொண்டு சொன்னவர். ஆறு இப்பதான் ஐஸ் உடைஞ்சு ஓடுது, மலையில பனி உருகின தண்ணி முழுக்கக் கோப்பி நிறத்தில கடலுக்கை இறங்குது, அந்தத் தண்ணியோட சளி மாதிரி ஒரு பாசி வந்து வலை முழுக்க ஒட்டிப் பாரமாக்கும், சில நேரம் வேரோட மரம் வந்து வலையில ஏறும். மனிசன் குனிஞ்சு நிண்டு அந்தப் பாரத்தை இழுக்க வேணும். ஆனால் முதல் வாற மீன்தான் பெரிய மீன், ஒவ்வொண்டும் குழந்தைப்பிள்ளை அளவு, அதுவும் வடக்கு மூலையால காத்து அடிச்சால் கரையை உரசிக்கொண்டு வரும், அந்தக் காத்துக்குக் காத்திரு எண்டு கிழவர் சொன்னார். வாடை எண்டு அலோசியஸ் தலையாட்டினார், ரெண்டு ஆம்பிளையளும் ஏதோ கலியாணம் பேசி முடிச்ச மாதிரிச் சிரிச்சினம். எமில்டா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போனாள். மீன் கரைக்கு வாற காத்துத்தான் வள்ளத்தைக் கல்லில அடிக்கிற காத்தும் எண்டு விளங்க அவளுக்கு நோர்வே பாசை தேவையில்லை. இப்ப யன்னல் கண்ணாடி மெல்ல மெல்ல நடுங்குது. வடக்குப் பக்கத்து யன்னல்தான். அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில வைச்சு அமத்திப் பார்த்தாள், நடுக்கம் நிக்கேல்லை.

எங்க போனார்? அதுதான் கதை. அதுதான் நெஞ்சில மீன்முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டு நிக்கிற கதை. உள்வலைக்கோ, வெளிவலைக்கோ? அவர் சொல்லேல்லை, அவள் கேட்கேல்லை. கேட்கிறேல்லை. பாசையூரில பிறந்த எந்தப் பொம்பிளையும் கடலுக்கு இறங்குற ஆம்பிளையைப் பார்த்து எங்க போறியள் எண்டு கேட்கமாட்டாள். பின்னால கூப்பிடமாட்டாள். அவர் திரும்பி வரும்வரைக்கும் வீடு கூட்டமாட்டாள். இஞ்ச பாருங்கோ, இப்பவும் குசினி நிலத்தில காலமைப் பாண்தூள் அப்பிடியே கிடக்குது. ஊட்வாரின்ர மனிசி ரன்டி போன வருசம் ஒருநாள் வந்து கண்டிட்டு, பாவம் இந்தப் பெட்டைக்கு உடம்பு சரியில்லையாக்கும் எண்டு தானே விளக்குமாத்தை எடுத்துக் கூட்டப் போக, எமில்டா ஓடிப்போய் அதைப் பறிச்சவள். ரன்டி திகைச்சுப் போனா. என்னெண்டு விளங்கப்படுத்துறது? கூட்டினால் போன ஆளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளுற மாதிரி எண்டு நோர்வேயில எப்பிடிச் சொல்லுறது? விசர் எண்டுதான் நினைப்பினம். நினைச்சால் நினைக்கட்டும்.

பிலோமினா மச்சாளின்ர நினைவுதான் வந்தது, எத்தினை தரம் கலைச்சாலும் வாற நினைவு. அண்ணை மரியதாசுக்குக் கலியாணம் முடிச்சுப் புதுசு. மச்சாள் மன்னார்ப் பக்கம், வயல் செய்யிற கமக்காரர் வீட்டுப் பிள்ளை, கடல் சம்பிரதாயம் ஒண்டும் தெரியாது. ஒரு விடியப்புறம் அண்ணை வலையைத் தோளில போட்டுக்கொண்டு படலை தாண்ட, மச்சாள் பின்னால நிண்டு ஆசையாய்த்தான் கேட்டவா, எங்க போறியள், எப்ப வருவியள் எண்டு. அண்ணை நிண்டான். திரும்பி வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சு, கொஞ்ச நேரம் குந்தியிருந்திட்டுப் போயிருக்க வேணும், அதுதான் முறை. கூட்டாளியள் கூப்பிட, சிரிச்சுப்போட்டுப் போயிட்டான். வள்ளம் மட்டும் வந்தது. சண்டை நடந்த அந்த நாளையில கடலில காத்து மட்டுமா இருந்தது, நேவியும் நிண்டது, என்ன நடந்தது எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அம்மாவுக்குத் தெரியும். நீ கேட்டாயடி, நீ கேட்டாய் எண்டு அம்மா மச்சாளின்ர தலைமயிரைப் பிடிச்சு உலுக்கினதை எமில்டா கிணத்தடியில நிண்டு பார்த்தவள். அதுக்குப் பிறகு மச்சாள் ஆரையும் ஒண்டும் கேட்கிறேல்லை. சோறு போடட்டோ எண்டுகூடக் கேட்கிறேல்லை, கோப்பையை வைச்சிட்டுப் பேசாமல் நிப்பா. மச்சாளின்ர குற்றமில்லை, கேள்விக்கு ஆளைக் கொல்லுற பலம் இல்லை எண்டு எமில்டாவின்ர புத்திக்கு நல்லாய்த் தெரியும். புத்தி எங்க, தொண்டை எங்க? தெரிஞ்சுகொண்டும் இத்தினை வருசம் வாசலில நிண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் அவரை அனுப்புறாள். அவர் படி இறங்கி மறையும்வரைக்கும் நாக்கு நுனியில அந்தக் கேள்வி வந்து நிக்கும், விழுங்குவாள். இண்டைக்கும் விழுங்கினாள். விழுங்கினது இப்ப வயித்துக்குள்ள கல்லாய்க் கிடக்குது.

கேட்காட்டி என்ன, கண்டுபிடிக்கலாந்தானே. எமில்டா குசினி அலுமாரியைத் திறந்தாள். பெரிய பிளாஸ்க் இல்லை. வெளிவலை எண்டால்தான் பெரிய பிளாஸ்க், தூரம், குளிர், ஊறிப்போவார், கோப்பி கனக்க வேணும். உள்வலைக்குச் சின்னதுதான். அப்ப வெளிவலை. ஐயோ, அப்ப வெளிவலை. மலை மூக்கடியில தண்ணி எப்பவும் கொதிச்சுக்கொண்டு நிக்கும், வாடை அடிச்சால் கேட்கத் தேவையில்லை. அவள் கதவடிக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னால செம்மஞ்சள் உடுப்புத் தொங்கிக்கொண்டு நிண்டது, ஊட்வார் குடுத்தது, போட்டுக்கொண்டு தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஆளை மிதக்க வைக்கிற தடிச்ச உடுப்பு. அதுக்குக் கையும் காலும் இருக்கு, இருட்டுக்குள்ள ஆள் தொங்குற மாதிரி இருந்தது. உடுப்பைப் போடாமல் போயிருக்கிறார், காலமை கேள்வியை விழுங்கின அவதியில அவள் அதைக் கவனிக்கேல்லை. வெளிவலைக்கு இது இல்லாமல் போகமாட்டார், கிழவர் பேசுவார். உள்வலை எண்டால்தான், உதுக்கென்ன கூப்பிடுதூரம் எண்டு சோம்பலில விட்டிட்டுப் போறவர். அப்ப உள்வலை. அப்ப பெரிய பிளாஸ்க் ஏன்? அப்ப வெளிவலை. அப்ப உடுப்பு ஏன் இஞ்ச? அவள் அலுமாரிக்கும் கதவுக்கும் நடுவில நிண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், ரெண்டும் மாறி மாறிச் சத்தியம் பண்ணுற கள்ளச் சாட்சியள் மாதிரி நிண்டுதுகள். கொம்பனியில வேலைக்குப் போன முதல்நாள் ஐஸ் தண்ணித் தொட்டிக்குள்ள கையுறை இல்லாமல் கையை விட்டது ஞாபகம் வந்தது. முதல் வலி, பிறகு நெருப்பு, பிறகு கை இல்லை. கை இருக்கு, ஆனால் அவளின்ர கை இல்லை, ஆரோ மறந்துவிட்டுப் போன கை. முழு உடம்பும் அப்பிடி ஆகிறதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? நீந்தத் தெரிஞ்சாலும் சரி தெரியாட்டியும் சரி இந்தத் தண்ணிக்கு ரெண்டும் ஒண்டுதான் எண்டு கிழவர் சொன்னவர். பாசையூரில ஆரோடயும் பந்தயம் பிடிச்சு நீந்துற மனிசன்.

ஆணி. ஆணி ரெண்டு இருக்கெல்லோ! எமில்டா கோட்டை மாட்டினபாதி மாட்டாதபாதி கரைக்கு ஓடினாள். வள்ளக் கொட்டிலின்ர கதவில ஊட்வாரின்ர அப்பா காலத்திலயே அடிச்ச ரெண்டு பெரிய ஆணி, இடப்பக்கம் உள்வலை, வலப்பக்கம் வெளிவலை. கயிறு கட்டின பழைய மிதவை ஒண்டு இருக்கு. போற ஆள் போற பக்கத்து ஆணியில அதைக் கொழுவிப்போட்டுப் போக வேணும், வந்தால் கழட்டி உள்ள போட வேணும். இஞ்சத்தை ஆக்களுக்கு அதுதான் வேதம். கடலுக்குப் போற இடத்தைச் சொல்லாமல் போறவன் மடையன் இல்லை, பாவி எண்டு கிழவர் முகத்துக்கு நேரயே சொன்னவர். அலோசியஸ் வீட்டை வந்து சிரிச்சார், இவை கடலுக்கே முன்கூட்டி அறிவித்தல் குடுக்கினம், இந்தா வாறன், வாயைத் திற எண்டு. கிழவர் பார்த்துக்கொண்டு நிண்டால் கொழுவுவார், இல்லாட்டி இல்லை. இண்டைக்குக் கிழவர் பார்த்திருப்பாரோ? கொட்டிலடிக்கு வந்தவள் நிண்ட இடத்தில நிண்டாள். ரெண்டு ஆணியும் வெறுமையாய் நிண்டுதுகள். மிதவை கீழ, கூழாங்கல்லுக்கு மேல, சரியாய் ரெண்டு ஆணிக்கும் நடுவில விழுந்து கிடந்தது. கொழுவிக் காத்து விழுத்தினதோ, கொழுவாமல் போட்டதோ? எந்த ஆணியில இருந்து விழுந்தது? அவள் அதைத் தொடப் பயந்தாள். தொட்டால், கிடக்கிற கிடையில ஏதும் அடையாளம் இருந்தால் அதுவும் அழிஞ்சுபோகும். குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாள். மிதவை அசைஞ்சுது, காத்துத்தான், இடப்பக்கம் ஒருக்கால் உருண்டுது, வலப்பக்கம் ஒருக்கால் உருண்டுது. கடல் தெரியேல்லை, சத்தம் மட்டும் கேட்டுது, கல்லை நக்குற சத்தம். அலோசியஸ் எண்டு பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வந்தது. மனிசனின்ர பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிடாதவள். புகாருக்குள்ள பார்த்து இஞ்சேருங்கோ எண்டாள், மெதுவாய், பக்கத்தில நிக்கிறவரைக் கூப்பிடுற மாதிரி. ஒரு கடற்காகம் மட்டும் பதிலுக்குக் கத்திச்சுது.

போன் எடுக்க வேணும். வீட்டை வந்து போனுக்கு முன்னால நிண்டவள் எடுக்கேல்லை. எடுத்துச் சொன்னால் அது நடந்த விசயமாகிப் போகும், இப்பவரைக்கும் அது குசினிக்குள்ள ஒரு பொம்பிளையின்ர நினைப்பு மட்டும்தானே. சோறு இன்னொருக்கால் சூடாக்கலாம். சூடாக்கி இறக்கேக்க வந்து நிப்பார், என்ன புளிக்குழம்போ எண்டு கேட்பார். அல்லாட்டி போன் எடுத்து, கிழவரைக் கலைச்சு, ஊரைக் கூட்டி, பிறகு மனிசன் ஆற அமர வந்து நிண்டால் கரையெல்லாம் சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிச்சால் நல்லது, அந்தோனியாரே, எல்லாரும் சிரிக்கிற மாதிரிச் செய்யும், நான் இந்த ஊர் உள்ளவரைக்கும் பகிடிப் பொருளாய் இருக்கிறன். தன்ர கையை ஆர் தூக்கினது எண்டு தெரியேல்லை, போன் காதில இருந்தது, ஊட்வாரின்ர குரல் கேட்டுது. அவளுக்குத் தெரிஞ்ச நோர்வே எல்லாம் எங்கயோ போயிட்டுது. வரேல்லை, அலோசியஸ் வரேல்லை எண்டு மட்டும் வந்தது. கிழவர் பதறேல்லை. எப்ப போனவர், எந்த வள்ளம் எண்டு கேட்டார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எங்க போனவன்?"

எமில்டா போனை மற்றக் காதுக்கு மாத்தினாள். ஆணியில என்ன கிடக்கு எண்டார் கிழவர். நிலத்தில கிடக்கு எண்டாள். போகேக்க உன்னட்டை என்ன சொன்னவன் எண்டார். சொல்லேல்லை எண்டாள். நீ கேட்கேல்லையா எண்டு கிழவர் கேட்டார், கோபமில்லை, வயதுபோன மனிசனின்ர சுத்தமான ஆச்சரியம், ஒரு பொம்பிளை தன்ர புருசனைக் கடலுக்கு அனுப்பிப்போட்டு எங்க எண்டு கேட்காமல் இருப்பாளா எண்ட ஆச்சரியம். கேட்கேல்லை எண்டு அவள் சொன்னாள். அந்தச் சொல்லைச் சொல்லேக்க கிணத்தடியில அம்மாவின்ர கைக்குள்ள மச்சாளின்ர தலைமயிர் தெரிஞ்சுது. நீ கேட்டாயடி எண்டு அம்மா கத்தினது, இப்ப கேட்டுது, நீ கேட்கேல்லையடி எண்டு. ஒரு வள்ளம்தான் இருக்கு, ஒரு பக்கம்தான் முதல் போகலாம், நினைச்சுச் சொல்லு எண்டார் கிழவர். எமில்டா பிளாஸ்க்கை நினைச்சாள், உடுப்பை நினைச்சாள், நினைக்க நினைக்கப் பயம் கூடின பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தைச் சொன்னாள்.

"வெளிவலை."

கிழவரின்ர பெரிய வள்ளம் டப் டப்பெண்டு புகாருக்குள்ள போற சத்தத்தை அவள் கரையில நிண்டு கேட்டாள். செம்மஞ்சள் உடுப்பைப் பிள்ளையைத் தூக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிக்கொண்டு வந்து நிண்டாள், ஏன் கொண்டு வந்தாள் எண்டு தெரியாது. சத்தம் சின்னனாகி, சின்னனாகி, மூக்கடிப் பக்கம் போய் நிண்டிட்டுது. நிண்டதோ, மலை மறைச்சதோ? அப்பதான் அவளுக்கு உறைச்சுது, கிழவருக்கு நெஞ்சு வருத்தம். மருந்துக் குளிசை எடுத்துக்கொண்டு போனாரோ? அவசரத்தில போனவர். பயம் இப்ப ரெண்டாய் உடைஞ்சுது, முதல் இருந்ததில பாதி பாதியாய் இல்லை, ரெண்டும் முழுசு. நான் வெளிவலை எண்டன், நான்தான் எண்டன், உள்வலை எண்டிருந்தால் அமைதித் தண்ணிக்குள்ள போயிருப்பார், நான் வாயைத் திறந்து ஒரு இடத்தின்ர பெயரைச் சொல்லிக் கிழவரை அங்க அனுப்பினன். ரன்டியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? அருள் நிறைந்த மரியே சொல்லத் துடங்கினாள், பாதியில எந்த இடத்தில நிக்கிறன் எண்டு மறந்து முதலில இருந்து துடங்கினாள், மறுபடியும் மறந்தாள். அப்ப இடப்பக்கத்தில இருந்து, ஆத்து வாய்ப் பக்கமிருந்து, தையல் மெசின் மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்த இஞ்சினின்ர இருமல் அவளுக்குத் தெரியும்.

புகாரைக் கிழிச்சுக்கொண்டு வள்ளத்தின்ர முன்பக்க அணியம் வந்தது, பிறகு அலோசியஸ். முழங்கை வரைக்கும் பாசிச் சளி, முகத்தில சளி, தொப்பி இல்லை, பல்லெல்லாம் சிரிப்பு. ஒரு முழு மரம் வேரோட வந்து வலையில ஏறிட்டுது, வலையை வெட்டாமல் அதை எடுக்கப் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும், பிறகு புகார் மூடிட்டுது, வலையின்ர மிதவையில வள்ளத்தைக் கட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தன் எண்டு கல்லில இறங்காமலே சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு மீனைத் தூக்கிக் கரையில போட்டார். வெள்ளியில செய்த மாதிரி, மெய்யாவே குழந்தைப்பிள்ளை அளவு. அவள் அதைப் பார்க்கேல்லை. அவளுக்கு அவரைத் தொட வேணும் போல இருந்தது, அடிக்க வேணும் போலவும் இருந்தது. பெரிய பிளாஸ்க் ஏன் கொண்டு போனியள் எண்டு கேட்டாள், இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு முதல் வந்த கேள்வி அது. சின்னதின்ர மூடி ஒழுகுதடி எண்டார். மிதவையையும் கொழுவிப்போட்டுத்தான் போனனான், முதல்நாள், கிழவர் சந்தோசப்படட்டும் எண்டு. பிறகுதான் அவளின்ர கையில இருக்கிற உடுப்பைக் கண்டார், அவளின்ர முகத்தைக் கண்டார், பக்கத்து இறங்குதுறையில கிழவரின்ர வள்ளம் இல்லாததைக் கண்டார். சிரிப்பு அப்பிடியே நிண்டுது.

"ஊட்வார் வெளிவலைக்குப் போயிட்டார். உங்களைத் தேடி," எண்டாள். "நான்தான் அனுப்பினது."

அலோசியஸ் வள்ளத்துக்குள்ளயே எழும்பி நிண்டார். மூக்கடிப் பக்கம் பார்த்தார். மூக்கடியில மலை மறைக்கிறதால கிழவரின்ர வள்ளத்து றேடியோவும் இழுக்காது எண்டு அவருக்குத் தெரியும், ஆள் போய்த்தான் சொல்ல வேணும். வடக்குக் காத்து இப்ப ஒளிச்சு விளையாடேல்லை, நேரயே அடிச்சுது, புகார் துண்டு துண்டாய் ஓடத் துடங்கினது. ஓடினால் பாதை தெரியும், ஆனால் கடல் எழும்பும். போகாதேங்கோ எண்டு சொல்ல அவளுக்கு வாய் இல்லை. கிழவர் அவளின்ர சொல்லைக் கேட்டுப் போனவர். அலோசியஸ் கையை நீட்டினார், அவள் உடுப்பைக் குடுத்தாள். முதல்தரம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதைப் போட்டார், கழுத்துவரைக்கும் ஸிப்பை இழுத்தார், சிலுவை போட்டார், துடுப்பால கல்லை உந்தினார். வழமை மாதிரி ஒரு சொல் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இஞ்சின் கயித்தில கை வைச்சார். எமில்டாவின்ர நாக்கு நுனியில அது வந்து நிண்டது. விழுங்கப் பார்த்தாள். பாசையூர் முழுக்க, செத்த அம்மா, காணாமல் போன அண்ணை, வாய் பேசாத மச்சாள் எல்லாரும் கரையில வந்து நிண்டு அவளின்ர வாயைப் பொத்துற மாதிரி இருந்தது. அவள் பின்னால நிண்டு கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. எங்க போறியள்?"

இஞ்சின் கயித்தில இருந்த கை அப்பிடியே நிண்டுது. அலோசியஸ் திரும்பிப் பார்த்தார். முகம் கறுத்துது, ஒரு கணம் வள்ளத்தைத் திருப்பிக் கரைக்கு வந்து தண்ணி கேட்கப் போறார் எண்டுதான் அவள் நினைச்சாள். அவள் கண்ணை எடுக்கேல்லை.

"வெளிவலைக்கு," எண்டார், சொல்லிப் பழக்கமில்லாத குரலில. "கரையோடதான் போவன். மூக்கைத் தாண்டமாட்டன். கிழவரைக் கண்ட உடனை கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

வெளிவலைக்கு, கரையோட, மூக்கைத் தாண்டாமல் எண்டு அவள் திருப்பிச் சொன்னாள். ஓம் எண்டார். இஞ்சின் இருமிப் பிடிச்சுது, வள்ளம் போச்சுது. எமில்டா கொட்டிலடிக்குப் போய் நிலத்தில கிடந்த மிதவையை எடுத்து வலப்பக்கத்து ஆணியில கொழுவினாள். காத்து உடனை அதைத் தூக்கிக் கதவில ஒருக்கால் அடிச்சுது, கயிறு ஆணியின்ர நுனிவரைக்கும் வந்திட்டுது. அவள் உள்ளங்கையால அதைக் கதவோட சேர்த்து அமத்தினாள். பயம் போகேல்லை, அது இன்னும் வயித்துக்குள்ளதான் கிடந்தது, ஆனால் இப்ப அது எந்தப் பக்கம் பார்க்க வேணும் எண்டு தெரிஞ்சு பார்த்துக்கொண்டு நிண்டது. மேட்டால ரன்டி சால்வையை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தா. வந்தவ வாயைத் திறந்தா, ஆணியைப் பார்த்தா, மிதவையைப் பார்த்தா, ஒண்டும் கேட்காமல் பக்கத்தில வந்து மூக்கடியைப் பார்த்துக்கொண்டு நிண்டா. காத்து அடிச்சுக்கொண்டே இருந்தது. எமில்டாவுக்குக் கை விறைக்கத் துடங்கினது, முதல் வலி, பிறகு நெருப்பு. அவள் கையை எடுக்கேல்லை.